பட்டாணித் தோலும் விரத நாளும்

ஆனந்த வருஷம், ஆனி 18

என் எஜமானி ஹன்னாம்மா இன்னைக்கு ஒரு கட்டு காகிதம் கொடுத்தாங்க. ஒரு பக்கம் அவங்க வீட்டுக்காரர், காலமான ஐயா, எழுதின பழைய கடுதாசி, மறுபக்கம் வெறும் பக்கம். “ஜெபம் எழுதி வச்சுக்கோ, பேஷன்ஸ்”னாங்க. ஆகட்டும்மான்னு தலையை ஆட்டினேன். இந்த ஊர்ல தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஜீவன் நான் ஒருத்திதான். நான் எதை எழுதினாலும் அது ஜெபம்தான்.

முதல் ஜெபம்: மூப்பர் ஜோசையாவுக்கு நாளைக்காவது சிரிப்பு வரட்டும். அவர் ஹன்னாம்மாவோட அண்ணன். பக்கத்து வீடு. ஊரை நடத்துற ஏழு பெரியவங்கள்ல ஒருத்தர். சிரிச்சா பல்லு கொட்டிடும்னு யாரோ அவர்கிட்ட சொல்லியிருக்கணும்.

என் நிஜப் பேரு பச்சையம்மா. ஊரு மதராசப்பட்டணம். எங்கப்பா கோட்டைக்கார வெள்ளைக்காரங்களுக்குக் கடுதாசி எழுதிக் கொடுப்பார், எனக்கும் எழுதக் கத்துக் கொடுத்தார். அவர் போனப்புறம் பதினேழு வயசுல ஹன்னாம்மாவுக்குத் துணையா கப்பல் ஏறினேன். லண்டன்ல ரெண்டு வருஷம். வர்ஜீனியாவுல எட்டு வருஷம். அங்க ஐயா காய்ச்சல்ல போனதும், போன ஐப்பசியில ஹன்னாம்மா என்னையும் கூட்டிக்கிட்டு வடக்க அண்ணன் ஊருக்கு வந்துட்டாங்க. பச்சையம்மாங்கிறது இவங்க வாயில நுழையாம பேஷன்ஸ்னு ஆயிடுச்சு. அதுக்குப் பொறுமைன்னு அர்த்தமாம். எங்கம்மா கேட்டா வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிப்பா.

தேதி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். பதினோரு வருஷமா விரல்லயே எண்ணிக்கிட்டு வர்றேன்.

ஆனி 21

வர்ஜீனியாவும் இங்கிலீஷ்காரன் ஊர்தான், இதுவும் இங்கிலீஷ்காரன் ஊர்தான். சத்தியம் பண்ணிச் சொன்னாலும் நம்ப மாட்டீங்க.

அங்க ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவுல ஒரு ஆறு, ஒரு காடு, கண்ணுக்கெட்டுற வரைக்கும் புகையிலை. எட்டு வருஷம் நான் அதிகமா பேசினது புகையிலைச் செடியோடதான். வழிப்போக்கன் எவனாவது வந்தா கதவைத் திறந்து, சோறு போட்டு, “ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்களேன்”னு கெஞ்சுவோம். மனுஷ முகத்துக்கு அவ்வளவு பஞ்சம். ஞாயித்துக்கிழமை ஆம்பளைங்க குதிரைப் பந்தயம் விடுவாங்க. பண்டிகைன்னா பன்னிரண்டு நாள் சமைப்போம்.

இங்க எல்லா வீடும் ஒரு புல்தரையைச் சுத்தி முட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல கூட்டவீடு. கோயில்னு சொன்னா கோவிச்சுக்கறாங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு பிரசங்கம், மத்தியானம் ஒரு பிரசங்கம், தூங்கி விழுந்தா கோலால ஒரு இடி. பண்டிகை கிடையாது. மாசத்துக்குப் பேரு வச்சாக்கூட பாவமாம், ஒண்ணாம் மாசம், ரெண்டாம் மாசம்னு நம்பர் போட்டுக் கூப்பிடறாங்க. விருந்தாளியை வீட்ல தங்க வைக்கணும்னா பெரியவங்ககிட்ட உத்தரவு வாங்கணும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். காலையில கதவைத் திறந்தா எதிர்ல நாலு முகம். எவ புருஷன் குறட்டை விடறான், எவ ரொட்டி கருகிப்போச்சு, எல்லாம் எட்டு மணிக்குள்ள தெரிஞ்சுடும். எனக்கு இந்த ஊரு புடிச்சிருக்கு. வாய் விட்டுச் சொல்லிட்டேன்.

ஆனி 24

இந்த ஊர் மாடுங்களை மேய்க்க ஒரே ஆள், ஏமோஸ். விடியறப்போ ஒவ்வொரு வாசலா வந்து கொம்பு ஊதுவான். அவங்கவங்க மாட்டை அவுத்து விடணும். மொத்தத்தையும் ஓட்டிக்கிட்டுக் காட்டுப்பக்கம் போவான், சாயங்காலம் கொண்டாந்து விடுவான். மத்த வாசல்ல ஒரு தடவை ஊதறவன் நம்ம வாசல்ல மட்டும் ரெண்டு தடவை ஊதறான். எனக்கென்ன காது செவிடா? நாளைக்குக் கேக்கறேன்.

நம்ம பசுதான் முன்னாடி போற பசு. கழுத்துல மணி அதுக்குத்தான். அந்த மணிச் சத்தத்தை வச்சுத்தான் மத்ததெல்லாம் பின்னாடி போகும். இவங்க வச்ச பேரு ‘பிரவுன்’. நான் லட்சுமின்னுதான் கூப்பிடுவேன். அதுக்கும் அதான் புடிச்சிருக்கு.

ஆனி 25

கேட்டேன். “ஏன்யா ரெண்டு தடவை ஊதறே?”

அந்த ஆளு பேசறதைக் கேக்க ஒரு ஜென்மம் போதாது. தொப்பியைக் கழட்டினான். தொப்பியைப் பாத்தான். மாட்டைப் பாத்தான். “வாசல்…” அப்படின்னான். அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, “...பெரிய வாசல்”னான்.

எல்லா வாசலும் ஒரே அளவுதான். முப்பத்தஞ்சு வயசுக்கு இப்படி ஒரு மந்தம்.

ஆனி 28

கடற்கரை ஊர்ல ஹன்னாம்மாவோட தங்கச்சிக்குப் பிரசவம். இங்க பிரசவம்னா பொம்பளைங்க கூட்டமா போய் வாரக்கணக்குல தங்கிடுவாங்க. ஹன்னாம்மா கிளம்பிட்டாங்க. வீடு என் பொறுப்பு. மூப்பர் பொண்டாட்டி மெர்சியோட கண்ணு என் மேல.

பட்டாணி உரிச்சேன். தோலை லட்சுமிக்கு வாசல்ல போட்டேன்.

ஆடி 3

ஹன்னாம்மாகிட்டேர்ந்து கடுதாசி வந்துடுச்சு. படிச்சுட்டு ஒரு பானைத் தண்ணியைக் கீழே கொட்டிட்டேன்.

ஹன்னாம்மா அங்கேயே ஒரு கப்பல் தலைவரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறாங்களாம், ரொம்ப நாளாப் பேச்சு நடந்துச்சாம். சந்தோஷம், நல்ல மனசுக்காரி, நல்லா இருக்கட்டும். இந்த வீடு மூப்பருக்குப் போயிடும். இத்தனை வருஷம் வேலை செய்யணும்னு கையெழுத்துப் போட்ட என் ஊழியக் காகிதம் ஆடி முப்பதோட முடியுது. அன்னையிலிருந்து நான் சுதந்திரப் பிறவி. அதுல ஒண்ணு நான் மறக்கக் கூடாது. வர்ஜீனியாவுல என்கூடத் தோட்டத்துல நின்ன அடிமைப் பொண்ணு மரியாவுக்கு முடிவு தேதி போட்ட காகிதமே கிடையாது. அவளை அப்படியே விட்டுட்டுத்தான் நான் வந்தேன்.

மெர்சி வந்து விவரம் சொன்னா. இந்த ஊர்ச் சட்டப்படி ஒண்டிக்கட்டையா யாரும் குடியிருக்கக் கூடாது. ஏதாவது ஒரு குடும்பத்துக்குள்ள இருக்கணும், ஊரும் ஒத்துக்கணும். ஒத்துக்கலேன்னா வெளியே போகச் சொல்லி எழுத்துல கொடுத்துடுவாங்க. ஆடி இருபதாம் தேதி திங்கக்கிழமை ஊர்க்கூட்டம். அதுல என் விஷயமும் வருது. “எங்க வீட்டுக்காரர் உன்னை வர்ஜீனியா கப்பல்ல ஏத்திடறதுதான் நல்லதுன்னு நினைக்கிறார். அங்க உனக்குப் பழக்கம் இருக்கே”ன்னா.

பழக்கமாம். புகையிலைச் செடியோட.

எனக்குப் போக வேண்டாம். எனக்கு இங்கதான் இருக்கணும். காரணம் முன்னாடியே எழுதிட்டேன்: நாலு முகம். வேற ஒண்ணும் இல்லை.

ஆடி 5

ஏழு வாரமா மழை இல்லை. சோளம் சுருண்டு நிக்குது. இவங்க இதை ‘இந்தியச் சோளம்’ங்கறாங்க. நான் இந்தியாவுல இதைக் கண்ணால பாத்ததில்லைன்னு சொன்னா முறைக்கிறாங்க. கிணத்துத் தண்ணி ஊத்தி ஊத்தி என் பட்டாணியையும், வர்ஜீனியாவுலேர்ந்து கொண்டாந்த நாலு மிளகாச் செடியையும் காப்பாத்தறேன்.

லட்சுமி இப்பல்லாம் மத்த மாட்டுக்கு முன்னாடி, வெயில் தாழறதுக்குள்ளயே நம்ம வாசலுக்கு வந்து நிக்குது. பட்டாணித் தோல் ருசி. மணிச் சத்தத்துக்கு மந்தை மொத்தமும் பின்னாடியே வந்துடுது. பாவம் அந்த ஆளும் வர வேண்டியிருக்கு. மாடு தின்னு முடிக்கிற வரைக்கும் வேலியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். சும்மா நிக்க வைக்க வேண்டாமேன்னு மோர் கொடுத்தேன்.

ஆடி 7

மோர். ஒரு வார்த்தை பேசலை. ரெண்டு குவளை குடிச்சான்.

ஆடி 9

“உங்க ஊர்ல மாடு இருக்கா?”ன்னு கேட்டான். இதைக் கேக்க நாலு நாள் ஆகியிருக்கு. திமில் உள்ள மாடு, கொம்புக்கு வண்ணம் பூசுவோம், வருஷத்துக்கு ஒரு நாள் அதுக்குத்தான் பொங்கல்னு சொன்னேன். “மாட்டுக்கு ஒரு நாளா?”ன்னு கண்ணு விரிஞ்சுடுச்சு. “இங்க பொண்டாட்டிக்குக்கூட ஒரு நாள் கிடையாது”ன்னான். சிரிச்சுட்டேன். அவனுக்கும் சிரிப்பு வந்துடுச்சு. பல்லு ஒண்ணும் கொட்டலை.

பொண்டாட்டி இருந்து செத்துட்டாளாம், ஆறு வருஷம் ஆச்சாம். மெர்சி சொன்னா. நான் கேக்கலை, அவளா சொன்னா.

ஆடி 12, ஞாயிறு

என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

தோலோட நிறுத்தாம நேத்து ஒரு கூடைப் பட்டாணிக் கொடியையே லட்சுமிக்குப் போட்டேன். காலையில பாத்தா வயிறு மத்தளமாட்டம் உப்பி, மூச்சு வாங்கிக்கிட்டு நிக்குது. ஊரே பிரசங்கத்துக்குப் போயாச்சு. நான் தெருவுல நின்னு “ஏமோஸ்!”னு கத்தினேன். இவ்வளவு மந்தமான ஆளு அவ்வளவு வேகமா ஓடி வருவார்னு நான் நினைக்கலை.

ஒரு குச்சியை அது வாயில குறுக்கக் கட்டினார். “நடக்க வைக்கணும். நிறுத்தக் கூடாது”ன்னார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான், நடுவுல லட்சுமி. தோட்டத்தைச் சுத்திச் சுத்தி ரெண்டு பிரசங்க நேரமும் நடந்தோம். நான் அழுதுக்கிட்டே எல்லாம் என்னாலதான்னேன். “மாடு தின்னுச்சு. நீ தின்னலை”ன்னார். அப்படி ஒரு ஆறுதலை நான் கேட்டதே இல்லை. மத்தியானம் கழிச்சு லட்சுமி பெருசா ஒரு ஏப்பம் விட்டுச்சு. ரெண்டு பேரும் வேலியைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம்.

உயிரைக் காப்பாத்தற வேலை ஓய்வு நாள்லயும் செய்யலாமாம், சட்டம் இருக்காம். அதனால பிரசங்கத்துக்கு வராததுக்குத் திட்டு இல்லை.

ஆடி 14

மெர்சி வேலி மேல எட்டிப் பாத்துச் சொன்னா: “வியாழக்கிழமை மழைக்காகப் போதகர் நாள் குறிச்சிருக்கார். ஞாயித்துக்கிழமைதான் அறிவிச்சாங்க. அன்னைக்கு யாரும் வேலை செய்யக் கூடாது. வெளிப் பண்ணைக்காரங்ககூட எல்லாரும் வர்றாங்க. நீயும் வந்துடு.”

அப்பாடா! கடைசியில இந்த ஊருக்கும் ஒரு விசேஷம்! ஆத்தாளுக்கு மழைக்காகக் கூழ் ஊத்தற ஆடி மாசத்துலயே வருது பாருங்க. அவ்வளவு தூரத்துலேர்ந்து அறுபது எழுபது பேர் வருவாங்க. யார் சமைக்கிறாங்கன்னு ஒருத்தரும் பேசலை. சரி, நான் சமைக்கிறேன். திங்கக்கிழமை எனக்காகக் கை தூக்க வேண்டியவங்க வியாழக்கிழமை என் கையால சாப்பிடட்டுமே.

ஆடி 16, வியாழன், விடியல்

நாலு பானை அடுப்புல ஏத்தியாச்சு. உடைச்ச சோளத்துல பாலும் கரும்புப்பாகும் விட்டுப் பொங்கல். பட்டாணியும் பூசணிப் பிஞ்சும் போட்டுக் கூட்டு. உப்பு மீன் குழம்பு, புளிக்குப் பதிலா பச்சை ஆப்பிள், மிளகா என் செடியோடது. பெரிய பானையில மோர்.

ஏமோஸ் மாடு ஓட்ட வந்தார். எங்க வீட்டுப் புகைக்கூண்டைப் பாத்தார். அப்புறம் ஊர்ல இருக்கிற மத்தப் புகைக்கூண்டு ஒவ்வொண்ணையும் பாத்தார். தொப்பியைக் கழட்டினார். “பேஷன்ஸ்… இன்னைக்கு…”ன்னு ஆரம்பிச்சார். அடுத்த வார்த்தை வர்றதுக்குள்ள லட்சுமி கிளம்பிடுச்சு, மந்தை பின்னாடியே ஓடுது, அவரும் ஓட வேண்டியதாப் போச்சு. “சாயங்காலம் சாப்பிட வந்துடுங்க!”ன்னு கத்தினேன். திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனார்.

ஆடி 17

நேத்து நடந்ததை எழுதணும். சிரிப்பா, பயமான்னு எனக்கே தெரியலை.

அடுப்பைத் தணலா வச்சு மூடிட்டுக் கூட்டவீட்டுக்குப் போனேன், கடைசி வரிசை. கூட்டம் நிரம்பி வழியுது. எல்லார் முகமும் வாடியிருக்கு. வெயில்தான்னு நினைச்சேன். போதகர் எழுந்தார். வயசானவர், நல்ல தொண்டை. “நேற்று மாலை முதல் நம் வாயில் ஒரு பருக்கை படவில்லை, கர்த்தாவே! இன்று சூரியன் மறையும்வரை படாது! இந்த ஊரில் ஒரு அடுப்பும் எரியவில்லை!”

விரத நாள். அடி பாவி மெர்சி, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதா? அவளைச் சொல்லியும் குத்தமில்லை. இங்க நாள் குறிச்சா பட்டினின்னு பொறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கு நாள் குறிச்சா பானை வைக்கணும்னுதான் தெரியும்.

போதகருக்குப் பின்னாடி ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எங்க வீட்டுப் புகைக்கூண்டு. அதுலேர்ந்து புகை, நிதானமா. அதோட காத்து திரும்பிச்சு. மீன் குழம்பு வாசனை உள்ள வந்து ஒவ்வொரு பெஞ்சா உக்காந்துச்சு. ஒரு குழந்தை “அம்மா, பசிக்குது”ன்னுச்சு. யார் வயிறோ கடமுடான்னுச்சு. மூப்பர் ஜோசையா மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தார். அந்தப் பார்வையில வர்ஜீனியா கப்பல் பாய் விரிச்சு நின்னுச்சு.

காத்து ஏன் திரும்பிச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. மேக்கால கருமேகம். மூணாவது ஜெபத்துல முதல் இடி. நாலாவதுல கொட்டுச்சு பாருங்க, அப்படி ஒரு மழை! பிரசங்கம் அம்போன்னு நின்னுச்சு. பெரிய பெரிய ஆம்பளைங்க அழறாங்க. மெர்சி என்னைக் கட்டிப் புடிச்சுட்டு, அப்புறம் ஞாபகம் வந்து விட்டுட்டா.

ஓடை பெருகிடுச்சு, வெளிப் பண்ணைக்காரங்க யாரும் வீட்டுக்குப் போக முடியலை. வானம் கரிப்பானை. எல்லாரும் நனைஞ்சு, நடுங்கி, முந்தின நாள் சாயங்காலத்துலேர்ந்து பட்டினி. என் வீடுதான் பக்கத்துல, என் வீட்லதான் நெருப்பு. நான் பானையைப் பன்னிக்குக் கொட்டிடலாம்னு ஓடினேன். பின்னாடியே குழந்தைங்க. குழந்தைங்களுக்குப் பின்னாடி ஊரு.

எல்லாரும் முற்றத்துலயும் கூடத்துலயும் நின்னு பானையைப் பாக்கறாங்க. ஒருத்தரும் தொடலை. “சூரியன் மறைஞ்சிருக்குமோ?”ன்னு ஒருத்தர். எல்லாரும் வானத்தைப் பாத்தாங்க. எதைக் கண்டாங்க? அப்பத்தான் டிங் டிங்னு மணி. லட்சுமி வாசல்ல வந்து நிக்குது, பின்னாடி மந்தை மொத்தமும். “மாடு வீடு வந்துடுச்சு. அப்ப பொழுது சாஞ்சாச்சு”ன்னு போதகரே சொல்லிட்டார். அவ்வளவுதான், கரண்டி கைமாறி கைமாறிப் போச்சு.

போதகர் மூணு கிண்ணம் பொங்கல். மூப்பர் மீன் குழம்பை வாயில வச்சதும் கண்ணுலேர்ந்து தாரையாக் கொட்டுது. மனந்திரும்பி அழறார்னு பக்கத்துல இருந்தவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். அது என் மிளகா. ரெண்டாவது தடவையும் ஊத்திக்கிட்டார். கடைசியா நனைஞ்ச தொப்பியோட ஏமோஸ் வந்தார், ஒரு ஓரமா நின்னு சாப்பிட்டார். என் ஜென்மத்துல இவ்வளவு பேருக்கு நான் பரிமாறினதில்லை. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலை.

பானை காலியாகி, எல்லாரும் விரலை நக்கிக்கிட்டிருக்கறப்போ மழை நின்னுச்சு. மேகம் விலகுச்சு. மேக்கு மலைக்கு மேல ஒரு முழம் உயரத்துல ஜம்முன்னு சூரியன்.

ஊரே சிலையா நின்னுச்சு. மூப்பர் கையில என் கரண்டி.

ஆடி 18

யாரும் என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறாங்க. விரதத்தை முறிச்சது மொத்த ஊரும். ஆனா சமைச்சது நான். திங்கக்கிழமை முதல்ல அந்த விசாரணை, அப்புறம் என் விஷயம். துணிமணியை மூட்டை கட்டிட்டேன். பச்சையம்மா தாயே, உன் பேரை வச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் வந்துட்டேன், இன்னும் ஒரு கடல் என்னால முடியாது.

சோளம் நிமிர்ந்துடுச்சு. அதையும் எழுதணும்.

ஆடி 20, திங்கள்

மெதுவா எழுதறேன். ஒண்ணும் விட்டுடக் கூடாது.

கூட்டவீடு நிறைஞ்சிருந்துச்சு. மூப்பர் எழுந்தார். “விரத நாளில் அடுப்பு மூட்டியது யார்?”

நான் எழுந்தேன். “நான்தான் ஐயா. விரதம்னு எனக்குத் தெரியாது. எங்க ஊர்ல மழைக்கு வேண்டிக்கிட்டு நாள் குறிச்சா, வர்ற ஜனத்துக்கு வயிறு நிறையப் போடுவோம். பட்டினி போட்டு அனுப்ப மாட்டோம். நான் செஞ்சது உங்க வழக்கப்படி தப்பு. அதுக்காக யாரையும் கேலி பண்ணி சமைக்கலை.”

போதகர் தொண்டையைக் கனைச்சார். “மழை வந்துவிட்டதே, ஜோசையா. வந்த பிறகு நாம் நன்றி செலுத்தித்தானே சாப்பிட்டோம்?”

“சூரியன் மறையும் முன் சாப்பிட்டோம்!”னார் மூப்பர். “ஏன் சாப்பிட்டோம்? மாடு திரும்பியதால். மாடு ஏன் அந்த நேரத்தில் திரும்பியது? ஏமோஸ், எழுந்திரு.”

எனக்குப் பயம் வந்துடுச்சு. என்னால அவருக்கு வேலை போயிடுமேன்னு. அவர் எழுந்தார். தொப்பியைக் கழட்டினார்.

“மழைக்குப் பயந்து மாட்டை முன்பே ஓட்டி வந்தாயா?”

“இல்லை.”

“பிறகு?”

“தானா… வந்துச்சு. தினமும் அந்த நேரத்துக்குத்தான் வரும்.”

“தினமுமா? எத்தனை நாளாக?”

“ரெண்டு… இல்லை. மூணு வாரமா.”

“ஏன்?”

தொப்பியை ஒரு சுத்து சுத்தினார். “அந்த வாசல்ல… பட்டாணித் தோல் கிடைக்கும்.”

பின் வரிசையில யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. மூப்பர் மேஜையைத் தட்டினார். “மாடு வழி மாறினால் தடுத்து நிறுத்துவதுதானே உன் வேலை? மூன்று வாரமாக நீ ஏன் தடுக்கவில்லை?”

ஏமோஸ் தொப்பியைப் பாத்தார். கூரையைப் பாத்தார். அப்புறம் நேரா என்னைப் பாத்தார். இந்த ஊருக்கு நான் வந்ததிலேர்ந்து அவர் ஒரு மூச்சுல பேசின முதல் பேச்சு இதுதான்:

“தடுத்திருக்கணும்தான். மாட்டுக்கு மட்டும் இல்லை, எனக்கும் அந்த வாசலுக்கு சீக்கிரம் வரணும்னு இருந்துச்சு. அதான் தடுக்கலை. வியாழக்கிழமையும் தடுக்கலை. ஊர் விரதம் கெட்டது என்னாலதான். அவளைக் கப்பல்ல ஏத்தாதீங்க.”

ஐயோ, அப்ப எழுந்துச்சு பாருங்க ஒரு சிரிப்பு! தூங்கறவங்களைக் குத்தற கோல்காரர் கோலையே கீழே போட்டுட்டார். மெர்சி முந்தானை மாதிரி ஏப்ரனை வாயில அடைச்சுக்கிட்டா. எனக்குக் காதெல்லாம் நெருப்பு.

போதகர் கையைத் தூக்கி அடக்கினார். “அடுத்த விஷயமும் இத்தோடு முடிகிறது போலிருக்கிறது. அந்தப் பெண் ஒரு குடும்பத்துக்குள் இருக்க வேண்டும், அதுதானே சட்டம்? ஏமோஸின் வீட்டில் ஒரு ஆள் கூடுவதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?”

ஆம்பளைங்க கை மேல போக ஆரம்பிச்சுச்சு. எனக்கு வந்துச்சு கோபம். பொம்பளை கூட்டத்துல கேக்காம வாயைத் திறக்கக் கூடாது, தெரியும். “நிறுத்துங்க!”ன்னேன். “மாட்டைக் கேட்டீங்க, மேகத்தைக் கேட்டீங்க, என்னை யாராவது கேட்டீங்களா?”

கை எல்லாம் பாதியில நின்னுச்சு.

“கேக்கறேன்”னார் ஏமோஸ். அத்தனை பேர் நடுவுல, தொப்பியை நெஞ்சுல வச்சுக்கிட்டு. “இருக்கியா, பேஷன்ஸ்? என் வீட்ல?”

வாய்க்குள்ள பத்து வரைக்கும் எண்ணினேன். மூணு வாரம் வேலியைப் புடிச்சுக்கிட்டு நின்னவருக்குப் பத்து ஒண்ணும் பெருசில்லை. “என் பேரு பச்சையம்மா. அதைச் சரியாச் சொல்லிக் கேளுங்க.”

நாலு தடவை தடுக்கி விழுந்து, அஞ்சாவது தடவை சொல்லிட்டார். நான் சரின்னேன்.

எல்லாக் கையும் ஏறுச்சு. கடைசியா ஏறின கை மூப்பரோடது. வெளியே வர்றப்போ என் பக்கத்துல வந்து, தரையைப் பாத்துக்கிட்டே, “அந்த மீன்… இன்னொரு நாள் செய்வாயா?”ன்னார். விரத நாளா பாத்துச் செய்யறேன் ஐயான்னேன். சிரிச்சுட்டார். முன்பல்லு ரெண்டு இல்லவே இல்லை. பாவம், அதான் இத்தனை நாளும்.

ஆடி 21

ஆடியில கல்யாணம் கூடாதுன்னு கறாரா சொல்லிட்டேன். ஏன்னு ஏமோஸ் கேக்கலை. எப்படியும் மூணு ஞாயித்துக்கிழமை கூட்டவீட்ல அறிவிக்கணும், அதுக்குள்ள ஆவணி வந்துடும். வியாழக்கிழமை காலையில என்ன சொல்ல வந்தீங்கன்னு கேட்டேன். “இன்னைக்கு விரதம்னு சொல்ல வந்தேன்”னார். அஞ்சு நாள் கழிச்சு வாக்கியம் முடிஞ்சுது.

ஆவணி 13, வியாழன்

கல்யாணம் ஆச்சு. இங்க அதுக்குப் போதகர்கூடக் கிடையாது, ஊர் நீதிபதி ரெண்டு கேள்வி கேட்டார், ரெண்டு பதில் சொன்னோம், முடிஞ்சுது. மோதிரம் இல்லை, மாலை இல்லை, மேளம் இல்லை. ஹன்னாம்மா கடற்கரையிலேர்ந்து வந்து என்னைவிட அதிகமா அழுதாங்க. லட்சுமியைச் சீதனமா எனக்கே கொடுத்துட்டாங்க.

சாயங்காலம் கொட்டில்ல மெதுவாச் சொன்னேன், எங்க ஊர்ல புருஷன் பொண்டாட்டி கழுத்துல ஒரு கயிறு கட்டுவான்னு. மனுஷன் பதறிப் போயிட்டார். “கயிறு மாட்டுக்குத்தானே?”ன்னார். அர்த்தம் சொன்னேன். வெங்காயத் தோல்ல சாயம் போட்டு நான் மஞ்சளா வச்சிருந்த கம்பளி நூலைக் கொடுத்தேன். மூணு முடிச்சுப் போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு லட்சுமியைத்தான் கேக்கணும். அதுதான் சாட்சி, அதுதான் மேளம்.

முடிச்சு போட்டுட்டு, ரொம்ப நேரம் யோசிச்சு, “ஒண்ணு கேக்கணும்”னார். “அந்தப் பட்டாணித் தோல்… மாட்டுக்காகத்தான் போட்டியா?”

“பின்னே வேற யாருக்காம்?”னேன்.

சரின்னு தலையை ஆட்டிக்கிட்டு லட்சுமியைக் கட்டப் போனார். நான்தான் பின்னாடியே போய், வாசல்ல போட்டது மாட்டுக்காக இல்லைன்னு சொன்னேன்.

ஆவணி 14

விடியறப்போ எங்க வீட்டு வாசல்லயே, என் காதுக்குப் பக்கத்துல நின்னு கொம்பை ஊதினார். ரெண்டு தடவை. உள்ளதான் இருக்கேன், எதுக்கு ஊதறீங்கன்னு கத்தினேன். “பெரிய வாசல்”னுட்டு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டார்.

பட்டாணி முடிஞ்சுடுச்சு. இன்னைக்குச் சோளத்தோகை போடணும்.